பாதி வளைவில் நிற்காத வண்டி

மார்ச் 9

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். இடது தோளைத் தவிர எனக்கு மற்ற எல்லா உறுப்புகளும் நலம். நீங்களும் பிள்ளைகளும் நலமா? அக்கா நலமா என்று கேட்கவும் ஆசைதான். ஆனால் நான் உங்களுக்கு எழுதுவதே அவளுக்குத் தெரியக் கூடாது என்பதால் அந்த ஒரு விசாரிப்பை எனக்குள்ளேயே வைத்துக்கொள்கிறேன்.

வீட்டை விட்டுவிட்டு உங்கள் மெத்தைக் கடைக்கு எழுதுவதும் அதற்காகத்தான். போன் பண்ணக் கூடாதா என்பீர்கள். வீட்டில் போனை எடுப்பவள் அக்கா. கடையில் எடுப்பவர் நீங்கள். உங்கள் குரலுக்குத் தெருக்கோடியில் இருப்பவருக்குப் போனே வேண்டாம்.

போன மாதம் நடந்ததை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். பந்தயத் தடத்தின் முடிவில் நீளமாக ஒரு வலது வளைவு உண்டு. கடைசிச் சுற்றுகளில் அந்த வளைவின் நடுவே என் குட்டிப் பந்தயக் கார் தும்பி இரண்டு முறை இருமியது. பிறகு எஞ்சின் நின்றே போனது. பின்னால் வந்த சிவப்பு வண்டிக்காரர் என்ன செய்வார் பாவம், என் மேல் ஏறிவிட்டார். தோள் மூட்டு விலகியது. ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்து பார்த்த அக்கா, அன்றைக்கு வாயை மூடியவள்தான். நான் போன் பண்ணினால் கட் பண்ணுகிறாள். பயந்துபோயிருக்கிறாள், வண்டியை விட்டொழிக்கச் சொல்கிறாள் என்று புரிந்துகொண்டேன்.

வண்டி ஏன் நின்றது என்று இப்போது தெரியும். எடை குறைய வேண்டும் என்று நான் வாங்கிப் போட்ட டாங்க் அகலமானது, தட்டையானது, உள்ளே ஒரு தடுப்புகூடக் கிடையாது. பெட்ரோல் குறைந்திருக்கும்போது வலது பக்கம் நீளமாகத் திரும்பினால் இருப்பதெல்லாம் இடது ஓரத்துக்கு ஓடிவிடுகிறது. உறிஞ்சும் குழாய் இருப்பது வலது ஓரத்தில். பம்ப் காற்றைக் குடிக்கிறது, எஞ்சின் பட்டினி கிடக்கிறது. நிறைய ஊற்றிக்கொண்டு ஓட்டலாம்தான். ஆனால் முழு டாங்க் என்றால் இருபத்தைந்து கிலோ கூடும். சாவியில்கூட ஓட்டை போட்டு எடை குறைத்தவன் நான், எனக்கு அது ஆகாது.

பந்தயக் கிளப்பில் கண்டித்துக் கடிதமே கொடுத்துவிட்டார்கள். பந்தயத்தில் இன்னும் ஒரே ஒரு முறை தும்பி வளைவில் நின்றால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள், பிறகு எந்தக் காலத்திலும் சேர்க்க மாட்டார்கள். ஐந்து வருஷம் உட்கார்ந்து நானே கட்டிய வண்டி அத்தான்.

பெரிய பந்தயக் கார்களில் டாங்குக்குள் ஸ்பாஞ்ச் அடைப்பார்களாம். பெட்ரோல் அலையாமல் நிற்குமாம். உங்கள் கடையில் இல்லாத ஸ்பாஞ்சா? அக்காவைக் கேளேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவள் பட்டறையில் செய்வது பால் லாரித் தொட்டி. அவள் கை வைத்தால் தும்பி எருமையாகிவிடும்.

அன்பு மச்சான்


மார்ச் 20

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உன் தோள் சீக்கிரம் தேற வேண்டும். ஒரு கையால் எழுதியும் இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறாய், இரண்டு கையும் இருந்திருந்தால் நான் கடையை மூடிவிட்டு உட்கார்ந்து படித்திருக்க வேண்டும்.

பார்சலில் ஸ்பாஞ்ச் அனுப்பியிருக்கிறேன். கடையிலேயே முதல் தரம். இதில் உட்கார்ந்த வாடிக்கையாளர் ஒருவர் விலை பேச வந்ததை மறந்து தூங்கியே போனார். உன் பெட்ரோலும் அப்படியே ஆடாமல் அசையாமல் கிடக்கும். டாங்கின் வாய் வழியாக நுழைகிற மாதிரி சின்னச் சின்னதாக நறுக்கிவிட்டேன்.

உன் அக்காவுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. மனசு எப்படி என்று கேட்காதே. உன் பேச்சு எடுத்தால் சமையலறையில் பாத்திரங்கள் கொஞ்சம் பலமாகக் கழுவப்படுகின்றன. பந்தயத்தில் ஜாக்கிரதை.

அத்தான்


ஏப்ரல் 18

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். தோளில் கட்டுப் பிரித்தாயிற்று. பதில் தாமதமானதற்கு நீங்கள்தான் காரணம், ஆனாலும் உங்கள் நலத்தை விசாரிக்கிறேன்.

பயிற்சி நாளில் ஓட்டிப் பார்த்தேன். முதலில் அருமை. அந்த வளைவில் ஒரு இருமல்கூட இல்லை. உங்களுக்குச் சிலை வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டே நேர்ச்சாலைக்கு வந்தேன். நேர்ச்சாலையில் நின்றுவிட்டது. எந்த வண்டியும் நேர்ச்சாலையில் பட்டினி கிடந்து நான் பார்த்ததில்லை.

டாங்கைக் கழற்றிக் கவிழ்த்தேன். உங்கள் முதல் தர ஸ்பாஞ்ச் பெட்ரோலில் ஊறிக் கரைந்து, போஸ்டர் ஒட்டுகிற பசை மாதிரி வழிந்தது. பம்ப், வடிகட்டி, குழாய் என்று எங்கே தொட்டாலும் பசை. ஷெட்டில் தரையெல்லாம் பேப்பர் விரித்து இரண்டு வாரம் சுரண்டினேன். கார்களில் போடுவது வேறு வகை ஸ்பாஞ்சாம், இப்போதுதான் ஒருவர் சொன்னார். பயிற்சி நாள் என்பதால் கிளப் கணக்கில் சேரவில்லை, தப்பித்தேன்.

இனி யாரையும் நம்புவதாக இல்லை. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அதே டாங்கைப் பிளந்து, உள்ளே இரண்டு தடுப்புத் தகடு வைத்து நானே வெல்டிங் பண்ணப் போகிறேன். வெல்டிங் மிஷின் வாடகைக்குச் சொல்லியாயிற்று.

மச்சான்


ஏப்ரல் 22

மச்சான்,

நலம் விசாரிக்க நேரமில்லை. பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன், ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் உன் கைக்கு வந்தாக வேண்டும்.

அந்த டாங்கில் நெருப்பு வைக்காதே. பெட்ரோல் காலியான டாங்க் நிறைந்த டாங்கைவிட மோசம். உள்ளே முழுக்க ஆவி இருக்கும், கழுவினாலும் மடிப்பில் ஒளிந்திருக்கும், ஒரு பொறி போதும். ஷெட் கூரையும் போகும், நீயும் போவாய். மிஷினை இன்றைக்கே திருப்பிக் கொடு. பழைய டாங்கைத் தூக்கி வெளியில் வை.

புதுசாகவே செய்யலாம். இடம் எவ்வளவு என்று நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து அனுப்பு. உறிஞ்சும் குழாய் எங்கே இறங்குகிறது, எஞ்சினில் செலவாகாத பெட்ரோல் எந்த வழியாக டாங்குக்குத் திரும்புகிறது, அந்த வளைவில் வண்டி எவ்வளவு பலமாகப் பக்கவாட்டில் தள்ளுகிறது, எல்லாம் வேண்டும். ஸ்பாஞ்ச் வேண்டாம்.

இதெல்லாம் நானே யோசித்து எழுதுவது.

அத்தான்


மே 2

அன்புள்ள அத்தானுக்கு,

உயிரோடு நலம். மிஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடிதத்தைப் படித்த பிறகு அதைத் தொடவே கை வரவில்லை. நீங்கள் எல்லாரும் சௌக்கியமா?

கேட்ட அளவுகளைத் தனித் தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். வளைவில் வண்டியின் எடை எவ்வளவோ ஏறக்குறைய அதே பலத்தில் பக்கவாட்டிலும் தள்ளுகிறது.

ஒரு சந்தேகம். போன வருஷம் கடையில் மின்விசிறி மாட்டும்போது ஸ்குரூவை எந்தப் பக்கம் திருகினால் இறுகும் என்று எனக்குப் போன் பண்ணிக் கேட்டவர் நீங்கள். செலவாகாத பெட்ரோல் திரும்பி வருகிற வழி எது என்று அதே அத்தான் கேட்கிறார். மெத்தைக்காரர்களுக்கு இவ்வளவு தெரியுமென்று எனக்குத் தெரியாமல் போயிற்று. சரி, நான் ஒன்றும் கேட்கவில்லை. நீங்களும் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

எடை விஷயம் மட்டும் ஞாபகம் இருக்கட்டும். பழைய டாங்க் ஆறே முக்கால் கிலோ. ஏழுக்கு மேல் போனால் நான் அழுதுவிடுவேன். யோசிக்கிறவரிடம் சொல்லுங்கள். அதாவது உங்களிடம்.

மச்சான்


ஜூன் 14

அன்புள்ள மச்சானுக்கு,

சுகம். சின்னவளுக்கு ஜலதோஷம் வந்து போனது, பெரியவனுக்கு வந்திருக்கிறது, அடுத்தது நான்தான்.

யோசனை இதுதான். டாங்குக்குள் உறிஞ்சும் குழாயைச் சுற்றி, அடியோடு சேர்த்து ஒரு சின்ன அறை கட்ட வேண்டும். அறையின் சுவர்களில் குட்டிக் கதவுகள். கதவுகள் உள்பக்கம் மட்டும்தான் திறக்கும். வண்டி நேராகப் போகும்போதும் இடது பக்கம் திரும்பும்போதும் பெட்ரோல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். வலது பக்கம் திரும்பினால் அறைக்குள் இருக்கிற பெட்ரோல் வெளியே ஓடப் பார்க்கும், அதன் தள்ளலிலேயே கதவு சாத்திக்கொள்ளும். வந்தவரை விடாமல் உட்கார வைக்கிற வீடு மாதிரி. செலவாகாமல் திரும்புகிற பெட்ரோலையும் டாங்கில் கொட்டாமல் இந்த அறையிலேயே கொட்ட வேண்டும். அப்போது அறை எப்போதும் நிறைந்திருக்கும்.

ஒரு மாதிரி டாங்க் செய்து கடைக்குப் பின்னால் சோதித்தோம். சோதித்தேன். பக்கவாட்டில் தள்ளுவது வண்டியின் எடை அளவுக்கே என்றால், டாங்கை நாற்பத்தைந்து டிகிரி சாய்த்து வைத்தாலே போதும், உள்ளே இருப்பதற்கு வித்தியாசம் தெரியாது. உடைந்த சோபாச் சட்டத்தில் சாய்த்துக் கட்டி, கொஞ்சமே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, பம்பைப் போட்டேன். தண்ணீர் நூல் பிடித்த மாதிரி வந்தது, பிறகு அறுந்தது. பிரித்துப் பார்த்தால் ஒரு கதவு கீலில் சிக்கிப் பாதி திறந்தே நின்றிருந்தது. கீலைத் தளர்த்திக் கதவைக் கொஞ்சம் கனமாக்க வேண்டும் என்று

(இந்த இடத்தில் மை கொட்டிவிட்டது. அடியில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே.)

என்று நான் முடிவு செய்திருக்கிறேன்.

அத்தான்


ஜூலை 6

அன்புள்ள அத்தானுக்கு,

வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. பெரியவனுக்கும் உங்களுக்கும் ஜலதோஷம் விட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

நேற்றைய பந்தயத்தில் பயத்தில் பழைய டாங்கை முழுக்க நிரப்பிக்கொண்டு ஓடினேன். நிற்கவில்லை. ஆனால் கடைசியாக வந்தேன். தும்பி வயிறு முட்டச் சாப்பிட்டவன் மாடி ஏறுகிற மாதிரி திரும்பியது. சிவப்பு வண்டிக்காரர் என்னைவிட ஒரு முழுச் சுற்று அதிகம் ஓடி வந்து இன்னொரு முறை முந்தினார், போகிற போக்கில் கையசைத்துவிட்டு வேறு போனார்.

தோல்வி போகட்டும். வீட்டுக்கு வந்ததும் நான் எப்படி ஓட்டினேன் என்று கேட்க எப்போதும் ஒருத்தி போன் பண்ணுவாள். ஜெயித்தாலும் திட்டுவாள், தோற்றாலும் திட்டுவாள். இந்த வருஷம் அந்தத் திட்டு இல்லை. எனக்கு இது தாங்கவில்லை அத்தான், விலகின தோள்கூட இப்படி வலிக்கவில்லை. தும்பியை விற்றுவிட்டால் அவள் பேசுவாளா? பேசுவாள் என்றால் அடுத்த வாரமே விற்கிறேன். உங்களைக் கேட்டுச் சொல்லுங்கள்.

மச்சான்


செப்டம்பர் 12

அன்புள்ள மச்சானுக்கு,

எல்லாரும் நலம். இரண்டு மாதம் பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. எழுத விஷயம் இல்லாமல் இல்லை, எழுத அனுமதி இல்லை.

உன் கடைசிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. அந்தக் கடிதம் படிக்கப்பட்ட அன்றைக்கு இங்கே வேலை நின்றது. கையுறையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வாசலில் போய் நிற்பது நடந்தது. மறுநாள் முதல் இரண்டு மடங்கு வேலை நடந்தது. இதற்கு மேல் என்னைக் கேட்காதே, நான் மெத்தை தைக்கிறவன்.

டாங்க் வருகிறது. பார்சலைக் கத்தியால் கிழிக்காதே, கட்டை அவிழ்த்துப் பிரி. உள்ளே நாலு கதவு, இரண்டு தடுப்புத் தகடு. மாட்டுவதற்கு முன்னால் நீயும் ஒரு முறை தண்ணீர் ஊற்றிச் சாய்த்துப் பார்த்துவிடு, பிறகு நன்றாகக் காய வை. பெட்ரோல் இரண்டு லிட்டருக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள். இந்தக் கடைசி வரியை மூன்று முறை எழுதச் சொல்லி உத்தரவு, நான் ஒரு முறைதான் எழுதியிருக்கிறேன்.

அத்தான்


அக்டோபர் 5

அன்புள்ள அத்தானுக்கு,

மிகவும் நலம். இந்த வருஷத்தில் முதல் முறையாக இதை மனசறிந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் இதே மாதிரி இருக்க வேண்டும்.

பிரித்ததும் முதல் வேலையாகத் தராசில் வைத்தேன். ஆறு கிலோ நானூறு. பழையதைவிடக் குறைவு. நம்பாமல் இரண்டு முறை வைத்தேன். உள்ளே அறையும் கதவும் தடுப்பும் இருக்கும்போது எப்படிக் குறையும் என்று மண்டையைக் குடைந்துகொண்டு, தட்டிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. உள்ளே இருக்கிற தகடுகளே சுவரைத் தாங்கிப் பிடிப்பதால் வெளித் தகட்டை மெல்லிசாக எடுத்திருக்கிறது அந்தக் கை. இது எனக்குத் தோன்றவே இல்லை. உள்ளே எதையும் வைக்காவிட்டால்தான் எடை குறையும் என்று நினைத்துத் தடுப்பில்லாத டாங்கைத் தேடித் தேடி வாங்கினவன் நான்.

சாய்த்துக் கட்டிச் சோதித்தேன். தண்ணீர் அறவே இல்லை.

தவறாகப் படித்துவிடாதீர்கள், தண்ணீர் அறுந்துபோவது அறவே இல்லை என்கிறேன். சந்தோஷத்தில் எழுத்து முந்திக்கொள்கிறது.

பிறகு ஓரங்களில் வெல்டிங் தையலைத் தடவிப் பார்த்தேன். மீன் செதிள் அடுக்கின மாதிரி, ஒன்றன்மேல் ஒன்று, ஒரே அளவு. இப்படி ஒரு தையலை நான் வேறு எங்கே பார்த்திருக்கிறேன் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நவம்பர் 16 கடைசிப் பந்தயம். குடும்பத்தோடு வாருங்கள். குடும்பம் என்றால் எல்லாரும்தான்.

மச்சான்


நவம்பர் 17

அன்புள்ள அத்தானுக்கு,

நலம் நலம் நலம். மூன்று முறை எழுதினால் ஒன்றும் குறைந்துவிடாது. பெரியவனின் பரீட்சை எப்படி? அதற்காக நீங்கள் வராமல் வீட்டில் இருந்தது நியாயம்தான், ஆனால் நீங்கள் தவறவிட்டதை இப்போது கேளுங்கள்.

டாங்கில் அளந்து ஊற்றினேன். முடியும்போது அடியில் கொஞ்சம் மிஞ்சினால் போதும் என்று கணக்கு. இறகு மாதிரி கிளம்பியது தும்பி. பாதிப் பந்தயத்தில் மூன்றாவது இடம், அப்புறம் இரண்டாவது. முன்னால் சிவப்பு வண்டி. அதற்குள் பெட்ரோல் இறங்கிவிட்டது. இனிமேல்தான் அந்த வளைவுக்கு உண்மையான பரீட்சை.

உள்ளதைச் சொல்கிறேன், முதல் முறை நுழையும்போது என் காது எஞ்சினில்தான் இருந்தது, கண் சாலையில் இல்லை. இதோ இருமப் போகிறது என்று நினைத்துக்கொண்டே திருப்பினேன். நடு வளைவு வந்தது. எஞ்சின் ஒரே சுருதியில் பாடிக்கொண்டே வெளியே வந்தது. ஹெல்மெட்டுக்குள் கத்தினேன். அடுத்த சுற்றில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. கடைசிச் சுற்றில் சிவப்பு வண்டி வளைவில் லேசாக வேகம் குறைத்தது, நான் குறைக்கவே இல்லை. என்னைப் பின்னாலிருந்து இடித்த அதே இடத்தில் அவரைப் பக்கவாட்டில் முந்தினேன் அத்தான். கொடி எனக்குத்தான் முதலில் விழுந்தது. கிளப் அதிகாரி வந்து, கண்டிப்புக் கடிதத்தை அங்கேயே கிழித்துவிட்டு, அந்த டாங்க் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

இனி உங்களுக்கே தெரியாத ஒன்று. சனிக்கிழமை ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாளே உங்கள் வீட்டம்மா, அவள் பட்டறைக்குப் போகவில்லை. அந்த வளைவின் வெளி ஓரத்தில் வேலிக்குப் பின்னால் நின்றிருந்தாள். வண்டியை நிறுத்தினதும் கயிற்றுக்கு அடியில் குனிந்து வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேராகப் பின்னால் போய் டாங்கின் மேல் உள்ளங்கையை வைத்தாள். தட்டிப் பார்த்தாள். அப்புறம்,

"எவ்ளோ மிச்சம் இருக்கு?" என்றாள்.

"ஒரு லிட்டர் இருக்கும்க்கா."

"ரெண்டுக்குக் கீழ போகாதேன்னு மூணு தடவை எழுதச் சொன்னேனே, உங்கத்தான் எழுதலையா? உனக்கு அறிவிருக்காடா?"

அவ்வளவுதான். ஒன்பது மாதத் திட்டும் சேர்ந்து வந்தது. கோப்பை வாங்க வரச் சொல்லி மைக்கில் என்னைக் கூப்பிட்டார்கள். அவள் முடிக்கவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டார்கள். நான் அசையவில்லை, அதில் ஒரு வார்த்தையைக்கூட விட எனக்கு மனசில்லை. கன்னத்தில் தண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அந்த அதிகாரியே கோப்பையைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்தார்.

மச்சான்


நவம்பர் 24

டேய்,

நான் நலம். நீ நலம் என்பதை நேரிலேயே பார்த்தாயிற்று, அதனால் கேட்கவில்லை. உன் அத்தானும் நலம்தான். தனக்குத் தெரியாமல் நான் வந்தேன் என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். மெத்தை உறைக்குள் கடிதம் ஒளித்து வைக்கிறவர் அதைப் பேசலாமா என்று கேட்டேன், இறக்கிவிட்டார். முதல் கடிதத்திலிருந்து எல்லாவற்றையும் படித்தேன். எருமையையும் படித்தேன்.

நான் பயந்து பேசாமல் இருந்தேன் என்று நீங்கள் இரண்டு பேரும் முடிவு கட்டிவிட்டீர்கள். எனக்குப் பயமெல்லாம் இல்லை. இருபது டன் பாலை மலைப்பாதையில் சாய்ந்து ஓட வைக்கிறேன், உன் குட்டி வண்டிக்கா பயப்படுவேன்? ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போது நர்ஸ் உன்னைக் கேட்டாள், எப்படி ஆச்சு என்று. "டாங்க் சரியில்லம்மா, அதை யார்கிட்ட கேக்கறதுன்னுகூடத் தெரியல" என்றாய். உன் வலது கையை அப்போது பிடித்துக்கொண்டு நின்றது நான். பத்தொன்பது வயதிலிருந்து டாங்க் செய்கிறவள். அதுதான்டா எனக்குத் தாங்கவில்லை. அதற்கப்புறமாவது கேட்பாய் என்று பார்த்தேன். மெத்தை தைக்கிற மனுஷனுக்கு எழுதினாய்.

போகட்டும். நீ வளைவில் திரும்பியபோது எஞ்சின் சத்தம் அறுந்துபோகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அறுந்துபோகவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு ஆளை, யாரென்றே தெரியாது, தோளைப் பிடித்து உலுக்கி, "அது என் டாங்க்" என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் கவலைப்படவில்லை.

அடுத்த மாதம் வருகிறேன். இன்னொரு சீட் போட்டு வை. அந்த வளைவில் என்னை உட்கார வைத்துக்கொண்டு நீ காலை எடுக்காமல் ஓட்ட வேண்டும். என் எடை அறுபத்தெட்டு கிலோ, ஒரு கிராம் குறைக்க மாட்டேன்.

அக்கா